ஸ்பேரையும் பாருங்க, பாய்

குனோங் ராபாட்டில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜைனுலாப்தீனை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மீன்காரன் ஐஸ் கட்டியையும் சேர்த்து நிறுத்தால் கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவார். பரிசு விழுந்திருக்கிறது என்று போன் செய்தவனையே பேச்சில் மடக்கி, அவனிடம் டாப்-அப் கேட்டவர். ஊரே தன்னை மொட்டையடிக்கக் கத்தியைத் தீட்டிக்கொண்டு அலைகிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

ஆகவே, காலையில் தே தாரிக் குடிக்க வரும் பத்துமலை, வாசலில் நின்ற அவருடைய ஹைலக்ஸ் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தபோது பாய்க்குப் பொறி தட்டியது. பத்துமலைக்கு ஜெலாப்பாங்கில் வேலை. வாடிக்கையாளர்களுக்கு வண்டி கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக்கொள்வான்.

"எங்கயாச்சும் தூரமா போறீங்களா பாய்?"

"வர்ற வாரம் கோத்தாபாரு. மக நூருல் ஹுதாவுக்கு மாப்பிள்ள வீடு பேசப் போறோம், குடும்பத்தோட. ஏன்?"

"கிரிக் மலைப் பாதையில, இந்த டயர்லயா?"

ஜைனுலாப்தீன் சிரித்தார். மார்க்கெட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டுமே போய்வரும் வண்டி அது. 'புங்கா' என்று சொல்லும் டயர்ப் பள்ளத்தில் நகத்தை விட்டுக் காட்டினார். "புங்கா எவ்வளவு ஆழம் இருக்கு பாரு. புதுசு மாதிரி இருக்குலா."

"தேயிறது வேற, வயசாகுறது வேற பாய்." பத்துமலை டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தான். சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்கள் தெரிந்தன. "முன்ன ரெண்டும் எத்தனையாவது வாரம், பின்ன ரெண்டும் எந்த வருசம். இது செஞ்சு பத்து வருசம் தாண்டிருச்சு. ஆறு வருசம் ஆச்சுன்னா வருசா வருசம் காட்டிப் பாக்கணும். பத்து ஆச்சுன்னா புங்கா எப்படி இருந்தாலும் கழட்டிப் போட்டுறணும். இந்தா, ஓரமெல்லாம் கோடு கோடா வெடிச்சிருக்கு பாருங்க."

பாய் பார்க்க மறுத்தார். கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில், சோற்றுப் பொட்டலம் கட்டும் ரப்பர் வளையங்கள் தொங்கின. பத்துமலை அடியில் கிடந்த பழையதாக ஒன்றை எடுத்து இழுத்தான். பட்டென்று அறுந்தது.

"இத யாரும் ஓட்டலையே பாய்."

சொல்லிவிட்டு, சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். "ஸ்பேரு அதைவிட மோசம். ஓடாட்டியும் சூட்டுல காயுதுலா. நடுக்காட்டுல ஒண்ணு வெடிச்சா இதத்தானே மாட்டணும்? அங்க உதவிக்கு ஆளு வராது, யானைதான் வரும்."

கமிஷன், என்று பாய் முடிவு கட்டினார். "எந்தக் கடையில போடணும் தம்பி? உன் மச்சான் கடையா?"

"உங்களுக்குப் பிடிச்ச கடையில போடுங்க. எண்ண மட்டும் பாத்து வாங்குங்க."

இதுதான் அவரைக் குழப்பியது. ஏமாற்றுகிறவன் இப்படிப் பேசமாட்டானே.

"கமிஷன் அடிச்சா அடிச்சுட்டுப் போவட்டும்" என்றாள் மனைவி ஜெய்னம்பு. "புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டி. மாத்தாம நான் ஏற மாட்டேன்."

பாய் விட்டுக்கொடுத்தார், ஆனால் தன் வழியில். பத்துமலையின் நிழல்கூட எட்டாத காம்பாருக்கு வண்டியை ஓட்டிப்போய், முன்பின் தெரியாத ஒரு சீனரின் டயர் கடையில் நிறுத்தினார். கடை முதலாளியான அந்தத் தவுக்கேயும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் திட்டும் சேர்த்து. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, ஸ்பேரையும் சேர்த்து ஐந்தையும் மாற்றினார். பத்துமலைக்கு இதில் பத்துக் காசுகூடக் கிடைக்காது என்று நினைத்தபோது திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் பத்துமலை ஐந்து டயர்களையும் தட்டிப் பார்த்தான். மறுபடியும் அடியில் படுத்து ஸ்பேரைத் தடவினான். அப்போதுதான் பாய்க்கு உண்மை விளங்கியது. கமிஷன் இல்லை. இவன் புது டயர்களையே கழற்றிக்கொண்டு போகத் திட்டம் போடுகிறான்.

அன்றைக்கே நான்கு சக்கரங்களுக்கும் பூட்டு நட்டு மாட்டினார். ஸ்பேருக்குச் சங்கிலி போட்டுத் தடித்த பூட்டாகத் தொங்கவிட்டார். அதைப் பத்துமலைக்குக் காட்டி, அவன் முகம் சுருங்குகிறதா என்று கூர்ந்து பார்த்தார்.

முகம் மலர்ந்தது. "இதான் பாய் புத்தி. வழியில நிறுத்துனா எவனும் கழட்ட முடியாதுலா."

ஜைனுலாப்தீனுக்கு வெட்கமாகிவிட்டது. தன் குடும்பத்தின் உயிருக்காக மெனக்கெட்ட ஒரு மனிதனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம். அன்று பத்துமலையின் தட்டில், கேட்காமலே, ஒரு பெரிய ஆட்டுக்கறித் துண்டு விழுந்தது. கடையில் அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன் நடந்ததில்லை. அவனுடைய போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கோத்தாபாருக்குக் கிளம்ப வேண்டிய காலை. தொழுகையை முடித்து, பலகாரத் தட்டுகளை ஏந்தியபடி குடும்பமே வாசலுக்கு வந்தது. வண்டியைக் காணோம்.

ஜெய்னம்பு தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களே என்று மகள் அழுதாள். போலீஸ் நிலையத்தில், வண்டிப் பத்திரங்களோடு நேரில் வரச் சொன்னார்கள். ஜைனுலாப்தீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாழ்க்கையில் தான் நம்பிய ஒரே ஒரு மனிதனைப் போனில் அழைத்தார்.

"பத்துமலை, மோசம் போயிட்டேன்டா. வண்டியக் காணோம். நீ எங்க இருக்க? கொஞ்சம் வாயேன் தம்பி."

"கிரிக் தாண்டி மலை ஏறிக்கிட்டிருக்கேன் பாய், லைன் விட்டு விட்டு வருது. டயரு ஜோரா பிடிக்குது, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."