இன்னொரு சுத்து

மரை கழண்டவன் என்று ஆளைத் திட்டுகிறோமே, நிஜமான மரை எப்படிக் கழலும் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஒரு பழைய டீசல் எஞ்சின். அதன் இரும்பு உடம்பான பிளாக்குக்குள் ஒரு போல்ட்டு பதினெட்டு வருஷமாகக் குடியிருந்தது. எஞ்சின் லேசாக அதிர்ந்தாலே போதும், "அண்ணே, இன்னொரு சுத்து!" என்று ஸ்பேனரைக் கூப்பிட்டுவிடும்.

"போதும்யா, வலிக்குது" என்னும் பிளாக்கு.

"சும்மா இருடி. நான் பிடிய விட்டா நீ ஆடிப்போயிருவ."

ஒருநாள் அப்படி இறுக்கும்போது பிளாக்கின் ஓட்டைக்குள் இருந்த மரைச் சுற்றுகள் மொத்தமும் தூளாகக் கொட்டிவிட்டன. போல்ட்டு கையோடு வந்துவிட்டது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

மெக்கானிக் ராயப்பன் அதை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டார். குளிப்பாட்டித் திரும்ப மாட்டுவார் என்று அது நம்பிக் கிடந்தது. அவரோ ஓட்டையைப் பெரிதாகக் குடைந்து, புது மரை வெட்டினார்.

"இனி ஒரு சைஸ் பெரிய போல்ட்டுதான் நிக்கும்" என்றார்.

"ஏய், என்னைத் தெரியுதா?" என்று தட்டிலிருந்து கத்தியது போல்ட்டு.

"தெரியாம என்ன? ஆனா இனி நீ வந்தா, லொடலொடன்னு ஆடுவய்யா" என்றது பிளாக்கு.

புது போல்ட்டு பளபளவென்று வந்து நின்றது. பழைய போல்ட்டு வெகுநேரம் அதையே பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"தம்பி, உள்ள இடது ஓரமா ஒரு மயிரிழை விரிசல் இருக்கு. அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பார்த்து உக்காருப்பா."