மீன்தொட்டிக்குக் கீழே

மாதா கோயிலில் அந்தி மணி அடித்து ஓய்கிறது. சவரிநாதன் ஆலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இரும்பு ஸ்டாண்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். அது அவர் மனைவி லூர்தம்மாளின் தையல் மிஷின் நின்ற ஸ்டாண்டு. முழங்கால் வலிக்கு இனி மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், மிஷினை இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி, மிதிபலகையோடு அதைத் தாங்கிய குறுக்குக் கம்பியையும் கழற்றிவிட்டு, மேலே மீன்தொட்டியை வைத்தவர் அவர்தான். கம்பி போனதிலிருந்து கதவைச் சாத்தினாலே ஸ்டாண்டு ஆடுகிறது, தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஈரமாகிறது. இப்போது தொட்டி காலியாகச் சுவரோரம் இருக்கிறது. மீன்கள் அலுமினியக் குண்டானில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடல்காற்றில் துருவேறிய கால்களுக்கு நடுவே இரண்டு மரச்சட்டங்களைப் பெருக்கல் குறிபோல் வைத்துப் போல்ட்டை முறுக்குகிறார். துருத்தூள் கண்ணில் விழுகிறது. துடைக்கவும் அலுப்பாக இருக்கிறது.

லூர்தம்மாள் பிடித்திருக்கும் டார்ச் வெளிச்சம் நழுவிக் கட்டிலுக்கடியில் போகிறது. அங்கே மிஷின்மேல், ஒரு சிறுமி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கென்று தைக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட வெள்ளைக் கவுன் கிடக்கிறது.

“லூர்து, இங்க காட்டு.”

வெளிச்சம் திரும்பி வருகிறது. “ஏங்க, இந்தச் சட்டத்த அடிச்சிட்டா அப்புறம் மிதிபலகைய மாட்ட முடியாதுல்ல?”

“மாட்டி என்ன பண்ணப் போற?”

“சும்மா கேட்டேங்க.”

கடைசிச் சுற்றையும் முறுக்கிவிட்டு, “ஆட்டிப் பாரு” என்கிறார். அவள் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு ஆட்டுகிறாள். ஸ்டாண்டு அசையவில்லை.

“சரியாயிடுச்சு. தொட்டியத் தூக்கலாம்” என்கிறார் அவர்.

அவள் இரண்டு கையாலும் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, இன்னொரு தடவை ஆட்டிப் பார்க்கிறாள்.