பச்சைப் பூ

பொழுதுபோக்குப் பூங்காவின் மதிலுக்கு வெளியே, ஏரிக்கரைப் புல்வெளியில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓசியில வாணவேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர். "எங்கிட்ட ரெண்டு டிக்கெட் மிச்சம் இருக்கு. உள்ள கூட்டிட்டுப் போங்க. பாப்பா முகமே வாடிக் கிடக்கு."

"வேணாங்க. உள்ள வரவே கூடாதுன்னு இவ அம்மா கண்டிஷனா சொல்லிட்டா."

குடும்பத்தில் ஏதோ பிரச்சினை போல என்று அவர் டிக்கெட்டுகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாணங்கள் சீறிக் கிளம்பி வானத்தை நிறைத்தன. எல்லோரும் கைதட்ட, மகள் மட்டும் நகத்தைக் கடித்தபடி இருந்தாள். கடைசியில் ஒற்றைப் பச்சைப் பூ விரிந்ததும் துள்ளி எழுந்தாள்.

"பச்சை வந்துடுச்சுப்பா. அம்மா நல்லபடியா முடிச்சுட்டாங்க."

பெஞ்சுக்காரர் விழித்தார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்குத்தாங்க முதல் தடவையா தனியா வாணம் விட்டிருக்கா. நாங்க உள்ள இருந்தா கை நடுங்குமாம்."