வழக்கு மாறிய நாள்

2022 ஜூலை 6, புதன்கிழமை. தருமபுரி மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன், தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்த வழக்கு ஒன்று முற்பகலில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

குழந்தையை அழைத்து வந்தவள் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பக்கத்தில் பிரம்மசக்தி. எட்டு வயது. மடியில் பள்ளிக்கூடப் பை.

இன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாயிற்றே, பை எதற்கு என்று காலையில் கேட்டாள். இருக்கட்டும் அத்தை என்றது குழந்தை. நேரமாகிவிட்டது. கதவைச் சாத்திப் பூட்டை அழுத்திவிட்டு ஓடி வந்து பஸ் பிடித்தார்கள்.

குழு என்றுதான் பெயர். அதிகாரம் நீதிமன்றத்தினுடையது. பெற்றவர்கள் யாரென்று தெரியாத பிரம்முவை, வளர்க்கச் சொல்லி, தென்காசிக் குழு போன வருஷம் அவளிடம் ஒப்படைத்திருந்தது. இந்த மே மாதம் அவளுக்கு வேலையில் மாற்றல் வந்தது. கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். வளர்க்கிறவர் மாவட்டம் மாறினால் வழக்கும் மாற வேண்டும். புதிய குழு எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கும்.

அவளிடமே விடலாம். குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பவும் செய்யலாம்.

தனியாக இருக்கிறவள். நாளெல்லாம் ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுகிறவள்.

அந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே நினைத்திருந்தாள். வந்தது.

"நீங்க வேலைக்குப் போயிட்டா, ஸ்கூல் விட்டு வந்து பாப்பா என்னம்மா பண்ணும்?" என்றார் குழுவின் தலைவரம்மா.

"அவளே திறந்து உள்ள போயிருவா மேடம். சாவி அவ கழுத்துலதான் கிடக்கும். கீழ் வீட்டுலதான் வீட்டுக்காரம்மா. நான் வார வரைக்கும் அவங்க பாத்துக்கிடுவாங்க."

சிவப்புக் கயிற்றில் கோத்த சாவி. இருந்ததும் அந்த ஒன்றுதான். மற்றது வீடு மாறும்போது எங்கோ விழுந்துவிட்டது. பிரம்மு அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்கிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவாள்.

தலைவரம்மா தாள்களைப் புரட்டினார்.

இந்த வழக்கு மாறுவது இது முதல் தடவை அல்ல. மதுரை ரயில் நிலையத்தில் கிடைத்த குழந்தை. மதுரையிலிருந்து தூத்துக்குடி. அங்கிருந்து தென்காசி. வழக்கு மாறும்போதெல்லாம் மப்டியில் ஒரு பெண் போலீஸ் வருவார். குழந்தையையும் அதன் பையையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார். போய் இறங்கினால் வேறு இல்லம், வேறு பாய், வேறு தட்டு.

தலைவரம்மா நாற்காலியைக் குழந்தை பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"அத்தைகிட்ட சண்டை போடுவியா?"

"போடுவேன்."

"எதுக்கு?"

"தெனமும் உப்புமா கிண்டுவாவ."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். அப்போதுதான் கை முந்தானையை விட்டது.

"எங்ககிட்ட ஏதாச்சும் கேக்கணுமா பாப்பா?"

பிரம்மு பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி எப்ப வரும்?"

"டவுன் பஸ்ஸா? வந்துட்டே இருக்கும்டா. எதுக்கு அவசரம்?"

உத்தரவைத் தலைவரம்மா வாசித்தார். வழக்கு இந்தக் குழுவுக்கு மாற்றிக்கொள்ளப்படுகிறது. குழந்தை தற்போதைய வளர்ப்பாளரின் பராமரிப்பிலேயே தொடர அனுமதிக்கப்படுகிறது.

பெரியவர்களுக்குப் புரிந்தது. அவள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்து ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். பிரம்மு தின்றுகொண்டே சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்தாள். ஒரு ஜீப் வந்தது. போய்விட்டது.

டவுன் பஸ்ஸில் பையைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போனாள்.

வீட்டு மாடிப்படி ஏறி, கதவுக்கு முன்னால் நின்று அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுட்டி."

பிரம்முவின் கை கழுத்துக்குப் போனது.

கயிறு இல்லை.

"எங்க போட்ட?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"சாமி படத்துக்கிட்ட வச்சிட்டேன். நான் போனப்புறம் உங்களுக்கு வேணும்லா."

அவள் பூட்டைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். வாங்கித் திறந்தாள். புத்தகம் ஒன்றுகூட இல்லை. மடித்த கவுன்கள். பல் துலக்கும் பிரஷ். குளிக்கிற சோப்பு, ஈரத்தோடு தாளில் சுற்றியது.

படியிலேயே உட்கார்ந்தாள். குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"வழக்குதாம்ட்டி மாறுச்சு. நீ இல்ல."

பிரம்மு பூட்டைப் பார்த்தாள்.

"அப்ப சாவி?" என்றாள்.

கீழிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். "என்னா டாக்டரம்மா, எவ்ளோ பெரிய மாடானாலும் புடிச்சு ஊசி போட்டுடறீங்க, ஒரு பூட்டுகிட்ட மாட்டிக்கினீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. பிரம்முவுக்கும் வந்தது.

சாயங்காலம் ஆள் வந்து பூட்டை அறுத்தார். புதிய பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று வீட்டுக்காரம்மாவிடம் போனது. ஒன்று அவளுடைய கைப்பையில். ஒன்று சிவப்புக் கயிற்றில்.

சோப்பு, அதன் டப்பாவுக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. பிரம்மசக்தி போனாள்.