மூன்றாவது நல்லது

அன்றாடம் நடந்ததில் மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தார் மனநல ஆலோசகர் ஷகிலா. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கோயில், ஊசி, விரதம் என்று ஒன்று விடாமல் பார்த்துக் களைத்திருந்த அமுதவல்லிக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அவளைப் போலவே குழந்தையில்லாத ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவள் நோட்டைப் பிரித்து உற்சாகமாக வாசித்தாள்.

"பதினாலாம் நாள். ஒண்ணு, ஜாதிமல்லி மொட்டு விட்டுச்சு. ரெண்டு, நான் தைச்ச ஜாக்கெட் கச்சிதமா இருக்குன்னு டீச்சரக்கா சொன்னாங்க. மூணு, இந்த மாசமும் தூரமாயிட்டேன்."

தன் கையெழுத்துதானா என்று குனிந்து பார்த்தாள். அவளுடையதேதான். பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம்கூடத் தடித்திருந்தது. அன்று மாமியார் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டுப் பெருமூச்சு விட்டதும், கணவன் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துபோனதும், தான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் நன்றாக நினைவிருந்தன. அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் இதை எழுதியிருக்கிறாள்.

"மாத்தி எழுதிட்டேன் மேடம். இது கெட்டதுல வரணும்."

"கெட்டதை நான் எழுதவே சொல்லலையேம்மா," என்றார் ஷகிலா மெதுவாக.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்து வாசிக்க வேண்டிய எஸ்தர், தன் நோட்டில் ஒரு வரியைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.