முதல் தண்ணீர்

பீடத் துணிகளை அலசிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதில் நற்கருணைத் துகள், சேசுவின் உடலாகிவிட்ட அப்பத்தின் துகள், இருக்கலாம். கோயில் துணி துவைக்கும் மிக்கேலம்மாள் அதைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கொண்டுபோவாள். தூக்கில் தொங்கிய அவள் மகள் ரெஜினாவை தோட்டத்துக்குள், மந்திரித்த மண்ணில், புதைக்க விடவில்லை. ஆறு வருடமாக ஞாயிறுதோறும் மகள் கிடக்கும் மேட்டில்தான் ஊற்றினாள்.

இன்று, பூசை வைக்கும் சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை சவரிநாயகம் பார்த்துவிட்டார்.

வாளியை மறைத்தபடி, "ஒரு சொட்டுல சேசு இருந்தாக்கூட எம்புள்ள கெடக்க மண்ணு மந்திரிச்ச மண்ணாயிரும்லா தம்பி?" என்றாள்.

அவர் தலைகுனிந்தார். "மொதத் தண்ணியில சாமியாரே அலசி ஊத்திட்டுத்தாம்க்கா துணிய ஒங்கிட்ட குடுக்காரு. எப்பவுமே."

வாளியில் பாதி மிச்சமிருந்தது. அதை எங்கே ஊற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.