நீலம் மாறவில்லை

"திருட்டுக் கழுதை! இந்தக் குழாய்லயும் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சிட்டியா?"

இருதயமேரி டீச்சர் போட்ட சத்தத்தில் ஒன்பதாம் வகுப்பே நடுங்கிப் போனது.

"சத்தியமா நான் தொடல டீச்சர்" என்றாள் தையல்நாயகி.

பின்னே எப்படி? எச்சில் பட்டால் கஞ்சியில் இருக்கிற மாவுச்சத்து கரைந்துவிடும். அப்புறம் அயோடின் விட்டாலும் நீலம் வராது. புளிப்போ சலவைச் சோடாவோ சேர்ந்தால் எச்சிலின் வேலை நின்றுபோகும், நீலம் வரும். அதைப் பார்க்கத்தான் ஆளுக்கு மூன்று குழாய். மற்ற பெண்களுக்கெல்லாம் சரியாக வந்தது. இவளுக்கு மட்டும் வெறும் எச்சில் விட்ட குழாய்கூட மை மாதிரி நிற்கிறது!

அந்தக் கஞ்சிக்கு டீச்சர் பட்ட பாடு கொஞ்சமா! திண்டிவனமே அரிசிக்கு அலைந்த அறுபத்தாறாம் வருஷம். "ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க. கொண்டாராதவ கிளாசுக்கே வரவேணாம்" என்று முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லித்தான் சேர்த்தார். அவர் புருஷனுக்கு ரைஸ் மில் இருந்தது, அது வேறு விஷயம்.

"நாளைக்கு விழுப்புரத்துலேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றாரு. என் மானத்தை வாங்கணும்னே வந்தியா? உனக்கு மார்க்கும் கிடையாது, லேபும் கிடையாது. போடி வெளியே!"

தையல்நாயகிக்கு நர்சு வேலைமேல் உயிர். சயன்சு போனால் எல்லாம் போச்சு. அழுதுவிட்டாள்.

"இன்னொரு தடவை உங்க கண்ணு முன்னாலயே பண்றேன் டீச்சர்."

பண்ணினாள். பத்து நிமிஷம் கழித்து அயோடின் விட்டாள். மறுபடியும் நீலம்! பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது.

"நாக்கை நீட்டு."

நீல லிட்மஸ் தாளை வைத்தார். உடனே சிவந்துவிட்டது.

"அடிப்பாவி, வாயெல்லாம் புளிப்பு! என்னத்தடி தின்னே?"

"புளியங்கொழுந்து டீச்சர். வர்ற வழியில பறிச்சு மென்னுக்கினு வந்தேன்."

"நல்லா இருக்குடி! காலைல ஒழுங்கா சோறு தின்னுட்டு வர்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நீலக் குழாயைப் பார்த்தாள்.

"வீட்டுல இருந்ததே ஒரு பிடி அரிசிதான் டீச்சர். நீங்க கேட்டீங்கன்னு அதை இங்க எடுத்துக்கினு வந்துட்டேன்."